மூன்று கம்ப்யூட்டரும் ஒரு சங்க மலரும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பழைய அலமாரியை ஒழித்து அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வரவு செலவுப் புத்தகங்கள், பொங்கல் விழா அழைப்பிதழ்கள், மங்கிப்போன குரூப் போட்டோக்கள், இவற்றுக்கு நடுவே பழைய ஆண்டு மலர்கள். 2001-ஆம் ஆண்டு மலரில் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். அதிலும் நடுவில் எட்டுப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

போனவை எந்தப் பக்கங்கள் என்று பொருளடக்கத்தைப் பார்த்தேன். மனசு கனத்துவிட்டது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலை தேடி வந்து பூனாவிலேயே வேரூன்றிய முதல் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒரு பெரியவர் எழுதிய கட்டுரை அது. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சாலில் குடியிருந்தார்கள் என்று பெயர் பெயராகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் இன்று இல்லை. பொருளடக்கத்தில் தலைப்பு மட்டும் நிற்கிறது.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு சி.டி. அகப்பட்டது. மேலே மார்க்கர் பேனாவில் ‘மலர் ஃபைனல்’ என்று எழுதியிருந்தது. ‘அப்பாடா, பிழைத்தோம்’ என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்றைய கம்ப்யூட்டர்களில் சி.டி. போடும் வசதியே கிடையாதே! தெரிந்தவர் ஒருவரிடம் தனியாக ஒரு டிரைவ் இரவல் வாங்கினேன்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் மூன்று கட்சி. எனக்குப் பழகியது ஒன்று. மகள் அலுவலகத்தில் கொடுத்தது இன்னொன்று. எங்களோடு தங்கிப் படிக்கும் தம்பி மகனுடையது மூன்றாவது. என்னுடையதில் கோப்பைத் திறந்தால் தலையில் வட்டம் வைத்த ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் ‘அரை’ என்ற பின்னம், அதற்கப்புறம் தொப்பி போட்ட எழுத்துகள். மகளுடையதில் அதே இடத்தில் இரட்டை அலைக்கோடு, அடுத்து கிரேக்க ஒமேகா. தம்பி மகனுடையதில் பக்கம் முழுக்கக் கருப்பு டயமண்டுக்குள் கேள்விக்குறி.

“அப்பா, இது நிஜமாவே தமிழ்தானா?” என்றாள் மகள்.

“பெரியப்பா, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு. விட்டுடுங்க” என்றான் பையன்.

கோப்பு கெடவில்லை. அந்தச் சி.டி.யில் ஒரு புள்ளிகூடச் சிதையவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எழுதியது எழுதியபடியே இருந்தது. படிக்கத் தெரியாமல் விழித்தது மூன்று கம்ப்யூட்டர்களும்தான். ஏன் அப்படி என்று தேடப்போனபோது கிடைத்ததே இந்தக் கட்டுரை.

எண்தான் எழுத்து

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு அது வேலை செய்கிறது. 1963-இல் அமெரிக்காவில் ‘ஆஸ்கி’ என்ற அட்டவணை வந்தது. அதில் 0 முதல் 127 வரை 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. ஆனால் ஒரு பைட்டில் 256 எண்கள் எழுதலாம். மிச்சமிருந்த 128 இடங்களை என்ன செய்வது?

இங்கேதான் வம்பு ஆரம்பம். 1981-இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டர் அந்த இடங்களில் கட்டம் போடும் கோடுகளையும் ஐரோப்பிய எழுத்துகளையும் வைத்தது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் தனக்கென்று வேறு அட்டவணை வகுத்துக்கொண்டது. விண்டோஸ் மூன்றாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டது. 197 என்ற ஒரே எண்ணைப் பாருங்கள். டாஸில் அது கட்டக்கோடுகள் சந்திக்கும் சிலுவை. மெக்கின்டாஷில் இரட்டை அலைக்கோடு. விண்டோஸில் தலையில் வட்டம் வைத்த ‘ஏ’. இன்றைய லினக்ஸ் பொதுவாக யூ.டி.எஃப்-8 என்ற முறையை எதிர்பார்க்கிறது. அந்த முறையில் இந்த எண் இப்படித் தனியாக வரக்கூடாது, அதனால் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

அதே 197-க்கு 1990-களின் கடைசியில் தமிழர்கள் வகுத்த ‘திஸ்கி’ என்ற அட்டவணையில் என்ன பொருள் தெரியுமா? ‘வ’. 189 என்றால் ‘ண’. 236 என்றால் ‘க்’. 184 என்றால் ‘க’. 245 என்றால் ‘ம்’. ஐந்தையும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் வீட்டு மூன்று கம்ப்யூட்டர்களும் மூன்று விதமாக உளறிய சொல் வேறெதுவும் இல்லை, ‘வணக்கம்’தான்.

247-ஐ 128-க்குள் அடைத்த கதை

நம் எழுத்துகள் 247. கிரந்த எழுத்துகள் தனி. காலியாக இருந்ததோ 128 இடங்கள். எல்லாவற்றையும் அடைக்க முடியாது. எனவே கொம்பு, கால், கொக்கி என்று எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்து வைத்தார்கள். எதை உடைப்பது, எதை முழுசாக வைப்பது, எந்த எண்ணில் வைப்பது என்பது செய்தவர் இஷ்டம். கனடாவிலிருந்து ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’, சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் அவர்களின் ‘மயிலை’ என்று கடல் கடந்த தமிழர்கள் 1980-களிலும் 1990-களிலும் தங்கள் கைப்பொறுப்பில் செய்தவை பல. இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ பரவியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ பழகியது. அச்சகங்கள் வேறு வேறு எழுத்துருக்களை வாங்கிப் போட்டுக்கொண்டன. ஒவ்வொன்றும் தனித்தனி அட்டவணை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல்.

நாம் இருக்கும் இந்த ஊருக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. நம்மில் பலர் தினமும் கணேஷ்கிண்ட் சாலையில் போகிறோம். அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் சி-டாக் 1988-இல் தொடங்கப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்த ‘ஜிஸ்ட்’ என்ற தொழில்நுட்பம் இங்கே வந்து வளர்ந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ‘இஸ்கி’ அட்டவணை 1988-இல் வந்து, 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாகத் திருத்தி வெளியிடப்பட்டது. பக்கத்து வீட்டு மராத்திக்காரரின் ‘க’வுக்கும் நம் ‘க’வுக்கும் அதில் ஒரே எண். லிபியை மட்டும் மாற்றினால் போதும். நாட்டின் ஒற்றுமைக்கு அழகான ஏற்பாடுதான்.

ஆனால் தமிழுக்கு அது தைத்த சட்டை இல்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோட், நாம் ‘ஒருங்குறி’ என்கிறோமே அது, இந்த இஸ்கியின் வரிசையையே எடுத்துக்கொண்டது. தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே மூன்று இடங்கள் இன்றும் காலி. நாகரியில் அங்கே மூன்று எழுத்துகள் இருக்கின்றன, நமக்கு இல்லை. நமக்கே உரிய ‘ன’வை ‘ந’வுக்குப் பக்கத்திலும் ‘ற’வை ‘ர’வுக்குப் பக்கத்திலும் உட்கார வைத்தார்கள். விளைவு? உறுப்பினர் பட்டியலை வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் கனகா முன்னால் வருவார், கபிலன் பின்னால் போவார். நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து ஆயிற்றே! தமிழ் அகரவரிசை தெரிந்த மென்பொருளாக இருந்தால்தான் இது சரியாக வரும்.

இப்படியே போனால் தமிழன் எழுதியதைத் தமிழன் படிக்க முடியாது என்ற கவலையில் 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ கூடியது. அதில் முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’. அதிலிருந்து வந்தவை தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற அட்டவணைகளும். இணையத்தில் எழுதிய அன்பர்கள் மடற்குழுக்களில் விவாதித்து உருவாக்கியது திஸ்கி. 2000-இல் உத்தமம் அமைப்பு பிறந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், நம் பழைய இலக்கியங்களை முதலில் மயிலையிலும் பின்பு திஸ்கியிலும் அதன்பின் ஒருங்குறியிலும் ஏற்றியது. எத்தனை முறை வீடு மாறியிருக்கிறது பாருங்கள்!

கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்

ஒருங்குறி வந்ததும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’ என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எண்கள் இருந்தன. ஒருங்குறியிலோ முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டியது இயங்குதளத்தின் பொறுப்பு. அது தெரியாத கம்ப்யூட்டரில் கொம்பு பின்னால் தொங்கும். புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் மிதக்கும்.

2000-இல் வந்த விண்டோஸ் 2000-இல்தான் தமிழ் முதன்முதலாக உள்ளேயே அமைந்தது. ‘லதா’ என்ற எழுத்துரு கூடவே வந்தது. அடுத்த ஆண்டு எக்ஸ்பி வந்தது. அதில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து, மொழிகள் பகுதியில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அது ‘எக்ஸ்பி சி.டி.யைப் போடு’ என்று கேட்கும். கடைக்காரர் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் வீட்டில் அந்தச் சி.டி. இருந்தது? 2007-இல் விஸ்டா விற்பனைக்கு வந்தபோதுதான் இந்தச் சடங்கு ஒழிந்தது.

மாக் பக்கம் 2005-இல் வந்த 10.4 பதிப்பில் ‘இணைமதி’ எழுத்துருவோடு தமிழ் சேர்ந்தது. ஆனால் கொம்பையும் காலையும் கோத்து வைக்க மாக் கையாண்ட முறை வேறு, விண்டோஸ் கையாண்ட முறை வேறு. அதற்கென்று செய்த எழுத்துருவை இதில் போட்டால் அந்த நாளில் எழுத்துகள் பிரிந்து நின்றன. லினக்ஸில் தமிழ் சேர்த்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். கே.டி.ஈ., குனோம் ஆகிய இரண்டையும் அவர்கள் வரி வரியாகத் தமிழ்ப்படுத்தினார்கள். 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய இலவச சி.டி.யை வெளியிட்டது. 2007-இல் சி-டாக்கின் ‘பாஸ்’ லினக்ஸ் வந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் ‘டேஸ் 16’-ஐயும் தரமாக ஏற்றது.

‘வணக்கம்’ என்பதற்குத் திஸ்கியில் ஐந்து பைட்டுகள் போதும். ஒருங்குறியை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் இருபத்தொன்று. ‘தமிழுக்கு ஏன் இவ்வளவு இடம்’ என்று அப்போது பலர் சண்டை பிடித்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த இருபத்தொரு பைட்டை இன்று எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும், கைபேசியில் போட்டாலும் ‘வணக்கம்’ என்றே வருகிறது. எல்லோரும் ஒரே அட்டவணைக்குச் சம்மதித்ததில்தான் அதன் பலம் இருக்கிறது.

அன்றாட எரிச்சல்களுக்கும் ஒரு பூர்வீகம்

அந்தச் சி.டி.யில் இன்னொரு வேடிக்கை. ஒரு கோப்பு முழுவதும் பத்தி பிரியாமல் ஒரே நீளமான வரியாக ஓடியது. இதற்கும் காரணம் உண்டு. பழைய டெலிபிரிண்டரில் ஒரு வரி முடிந்தால் அச்சு முனையை இடது ஓரத்துக்குத் தள்ள ஒரு கட்டளை, காகிதத்தை மேலே நகர்த்த இன்னொரு கட்டளை. முதலாவதுக்கு எண் 13, இரண்டாவதுக்கு 10. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸ் பத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய மாக் பதின்மூன்றை மட்டும். எங்கள் கோப்பு அச்சகத்துப் பழைய மாக்கில் சேமித்ததாக இருக்க வேண்டும். விண்டோஸின் நோட்பேட் இந்த மூன்று வழக்கங்களையும் புரிந்துகொள்ளக் கற்றதே 2018-இல்தான்!

தம்பி மகன் ஒரே லேப்டாப்பில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருக்கிறான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டும். “பேட்டரி போச்சு” என்று நான் சொன்னேன். பேட்டரி போகவில்லை. உள்ளே இருக்கும் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் வழக்கமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம்தான் அது.

கோப்பின் முகவரியில் விண்டோஸ் பின்னோக்கிச் சாய்ந்த கோடு போடுகிறது, மற்றவை முன்னோக்கிச் சாய்ந்த கோடு. டாஸில் முன்சாய்வுக் கோட்டை ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்துவிட்டார்கள். 1983-இல் அடுக்கடுக்கான ஃபோல்டர்கள் வந்தபோது பின்சாய்வுக் கோடுதான் கைக்குக் கிடைத்தது. என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்த வெளி டிஸ்க்கை மாக்கில் செருகினால் கல்யாண வீடியோவைப் பார்க்கலாம், ஆனால் வேறு ஏற்பாடு செய்யாமல் புதிதாக ஒன்றும் அதில் எழுத முடியாது. சரி, பழைய ஃபேட் 32 முறையில் அமைத்துக்கொள்ளலாம் என்றால் நாலு ஜி.பி.யை எட்டும் ஒரே கோப்பை அது ஏற்காது.

இவற்றையெல்லாம் நாம் ‘எனக்குக் கம்ப்யூட்டர் வராது’ என்று நம் தலையில் போட்டுக்கொள்கிறோம். நம் தப்பு ஒன்றும் இல்லை. எங்கேயோ யாரோ நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவசரத்துக்கு எடுத்த முடிவுகளின் வால்கள் இவை. அந்த முடிவுகள் எடுத்த மேஜையில் தமிழ் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நம்மவர் போய் உட்கார்ந்த பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக, வழி பிறந்தது.

எட்டுப் பக்கங்கள்

எங்கள் சி.டி.க்கு வருகிறேன். எந்த அட்டவணை என்று கண்டுபிடிக்கக் கரையான் விட்டுவைத்த அச்சுப் பக்கங்களே உதவின. தலைவர் உரை ‘வணக்கம்’ என்று தொடங்குகிறது. சி.டி.யில் இருந்த அந்த உரையின் முதல் ஐந்து எண்களை எடுத்துப் பார்த்தோம். 197, 189, 236, 184, 245. திஸ்கி! இணையத்தில் கிடைக்கும் மாற்றி மென்பொருளில் போட்டதும் பக்கம் பக்கமாகத் தமிழ் வந்து விழுந்தது. மகள் கைதட்டினாள். மாங்குளம் குகையில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்தை அறிஞர்கள் படித்துவிட்டார்கள், நாம் நேற்று அடித்ததைப் படிக்க இவ்வளவு பாடா என்று சிரித்தோம்.

ஆனால் ஒரு குறை. பெரியவர் கட்டுரையில் ‘இங்கே’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘ங்கே’ என்று வந்தது. ‘இருந்தது’ என்பது ‘ருந்தது’. திஸ்கியில் ‘இ’ இருந்த இடம் 173. விண்டோஸ் அட்டவணையில் அந்த எண், தேவைப்பட்டால் மட்டும் தோன்றும் இணைப்புக்கோடு. சில மென்பொருள்கள் அதைக் கண்ணுக்குக் காட்டாமலே விழுங்கிவிடும். இதற்காகவே திஸ்கியின் 1.7 பதிப்பில் ‘இ’க்கு 254 என்று இன்னொரு இடமும் கொடுத்தார்கள். எங்கள் கோப்பில் யாரோ வெட்டி ஒட்டியபோது ‘இ’க்கள் உதிர்ந்துபோயிருக்க வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ‘இ’க்களைக் கையால் போட்டோம். சொற்களில் சிரமமில்லை. பெயர்களில்தான் மாட்டிக்கொண்டோம். ‘ராம’ என்று தொடங்கும் பெயரைப் பெரியவர் அப்படியே எழுதினாரா, ‘இராம’ என்று எழுதினாரா? எப்படித் தெரியும்? அவர் இருந்திருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கோப்பில் வந்தபடியே விட்டுவிட்டோம்.

அதே சி.டி.யில் அச்சகத்தின் சொந்த எழுத்துருவில் நான்கு கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றின் அட்டவணை இன்னும் பிடிபடவில்லை. அச்சுப் பிரதியை வைத்து எழுத்து எழுத்தாகப் பொருத்திக்கொண்டிருக்கிறோம். பிரதியே கிடைக்காத ஆண்டுகளின் கோப்புகளுக்கு அந்தத் துணையும் இல்லை.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பலர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் பங்கார்வாலாவுக்குப் போகக் காத்திருக்கிறது. கொடுப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பிளாப்பி, சி.டி. எதுவானாலும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கிறுக்கலாகத் தெரிந்தால் ‘கெட்டுப்போச்சு’ என்று தூக்கிப் போடாதீர்கள், அது உங்கள் அப்பா எழுதிய கடிதமாக இருக்கலாம். இனிமேல் அடிப்பதை ஒருங்குறியிலேயே அடியுங்கள். முக்கியமானதைக் காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கரையான் தின்றதைச் சி.டி. கொடுத்தது, சி.டி. மறைத்ததைக் காகிதம் காட்டிக்கொடுத்தது. இரண்டும் இருந்ததால்தான் எங்களுக்குக் கட்டுரை கிடைத்தது.

அந்த எட்டுப் பக்கங்களும் இந்த மலரில் மறுபடியும் அச்சாகின்றன. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பெயர்கள் வருகின்றன. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அதில் இருந்தால், முதல் எழுத்து ‘ரா’வா ‘இரா’வா என்று எங்களுக்குச் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறோம்.